துடக்கு அறையில் ஒரு சண்டை விமானம்

என் வயதுக்காரர்களே, கசற்றுக்குள் பேனையை விட்டுச் சுற்றியவர்களே, கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்பிக்கொண்டு "இப்ப தெரியுதோ?" என்று கத்தியவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அம்மா சண்டை விமானம் ஓட்டினவவாம்" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் ஓட்டினேன். உடுப்பிட்டியில், எங்கள் வீட்டு மேற்கு அறையில், பாயில் சம்மணம் கட்டி இருந்து, பக்கத்தில் வேப்பிலையும் பாக்குவெட்டியும் கிடக்க, எதிரி விமானங்களைத் துரத்தித் துரத்திச் சுட்டேன்.

அந்த வருடம் மாமா கப்பலில் இருந்து விடுமுறைக்கு வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் இயந்திர அறையில் வேலை. வந்தவுடன் தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பெட்டியைத் திறப்பார். அதுவரை நான் பெட்டிக்குக் காவல். திறந்ததும் எழும்புகிற மணம் இப்போதும் நினைவில் இருக்கிறது: வாசனைச் சவர்க்காரம், சொக்லேற், கொஞ்சம் எஞ்சின் எண்ணெய். வழக்கமாகச் சேலை, பிஸ்கற் ரின், சேட்டுத்துணி என்று வரும். அந்தமுறை சேலைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு தட்டைப் பெட்டி இருந்தது. பள்ளிக்கூடக் கொப்பி அளவு. மேலே இறப்பரில் சின்னச் சின்னப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து.

"இது கொம்பியூட்டர்" என்றார் மாமா.

அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "உதை ரீவியோடை கொழுவினால் படக்குழாய் போயிடும் எண்டு சொல்லுகினமே தம்பி?"

"போகாது அக்கா. போனால் நான் புதுசு வாங்கித் தாறன்."

அந்தப் பெட்டி பிந்திய இடப்பெயர்வு ஒன்றில் எங்களோடு வராமல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பரணில் உக்கியதா, வேறு யாருடைய பிள்ளையாவது விளையாடினதா, தெரியாது. விளையாடியிருந்தால் நல்லது.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் அக்கா, யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் இருந்தவர். எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் உச்சநீதிமன்றம். அவருடைய மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் வந்த செய்தி போன மறுநாளே பெரியம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"தம்பி, நீ திரும்பிப் போகேக்கை உதை என்ரை பெடியனுக்குக் குடுத்திட்டுப் போ. அவன் என்ஜினியருக்குப் படிக்கிறவன். இஞ்சை ஆருக்கு உது?"

"ஓம் பெரியக்கா" என்றார் மாமா. அவர் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லுகிற மனிதர். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். இஞ்சை ஆருக்கு? நான் என்ன ஆட்டுக்குட்டியோ?

அண்ணை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் நின்றார், பெரியம்மா திரும்பிப் போனார். மேற்கு அறையில்தான் மூன்று பின் பிளக் இருந்தது, அன்ரனா வயரும் அதற்குள்தான் வந்தது. ஆகவே ரீவி, கொம்பியூட்டர், ரேப் ரெக்கோடர், மாமாவின் சாரங்கள், சவரச் சாமான் எல்லாம் அந்த அறையில். கசற்றைப் போட்டால் பூனையின் வாலை மிதித்தமாதிரி ஒரு கீச்சுச் சத்தம் தொடர்ந்து கேட்கும். அந்தச் சத்தம்தான் விளையாட்டு, அது பெட்டிக்குள் இறங்குகிறது என்று மாமா விளங்கப்படுத்தினார். இறங்கி முடியும்வரை யாரும் நடக்கக்கூடாது. நடந்து ரேப் ரெக்கோடர் வைத்த பலகை அதிர்ந்தால் திரும்ப முதலில் இருந்து. அம்மா சோற்றுப் பானையோடு விறாந்தையில் ஒற்றைக் காலில் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு வானம் வரும். எங்கள் ரீவி கறுப்பு வெள்ளை, ஆகவே வானம் சாம்பல். திரையின் கீழ்ப்பாதி முழுவதும் வட்டங்களும் முள்ளுகளும், விமானிக்கு முன்னால் இருக்கிற மணிக்கூடுகள். மேல்பாதியில் மட்டும் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். கிட்ட வர அதற்குச் செட்டை முளைக்கும். அதுதான் எதிரி. எங்களுக்கு அதுவரை விமானம் என்றால் அதன் வயிறுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பிறகு ஓடி ஒளிந்துதான் பழக்கம். மேலே இருந்து வானத்தைப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதுசு. முதல் தரம் அடிவானம் சரிந்தபோது நானும் பாயில் சரிந்துவிட்டேன்.

அண்ணைதான் ஓட்டுவார். எனக்குக் கசற் சுற்றுகிற வேலை. எதிரி நேரே வந்தால் அண்ணை சுட்டு விழுத்திவிடுவார். குறுக்கே போனால் விடமாட்டார், விடமாட்டார், ஆனால் ஒன்றும் படாது. அவர் எதிரியின் மேல் குறியை வைத்துச் சுடுவார். குண்டு போய்ச் சேர எதிரி அடுத்த வளவுக்குப் போயிருப்பான்.

நான் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் நடு ஆட்டக்காரி. ஓடுகிறவளைப் பார்த்துப் பந்தை எறிந்தால் அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் விழும். அவள் வரப்போகிற வெற்றிடத்துக்கு எறியவேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித்தராமலே கைக்குள் இருந்த விஷயம். பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன்.

"அண்ணை, அவன்ரை முன்னுக்குச் சுடுங்கோ. ஆளுக்குச் சுடாதேங்கோ."

"எனக்குத் தெரியாதோ? முன்னுக்குச் சுடப் பிளேன்ரை மூக்கை இழுக்கவேணும். இழுத்தால் என்ன நடக்குது எண்டு பார்." இழுத்துக் காட்டினார். ஜன்னல் மேலே ஏற, எதிரி கீழே இறங்கி மணிக்கூடுகளுக்குப் பின்னால் மறைந்துபோனான். "பாத்தியோ? தெரியிறவனைச் சுட்டால் படாது. படுற இடத்துக்குப் போனால் ஆள் தெரியாது. தெரியாதவனை என்னெண்டு சுடுறது? உது பொம்பிளைப் பிள்ளையளுக்கு விளங்காது."

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஒருதரம் ஓட்டத் தரச்சொல்லிக் கேட்டேன். நாளைக்கு என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பின்னேரம் வலைப்பந்து முடிந்து வந்த கையோடு அம்மாவிடம் போய் ஒரு விஷயத்தைச் சொன்னேன். என்ன விஷயம் என்று பெண்களுக்கு விளங்கும். ஆண்கள் விளங்கினமாதிரி இருங்கள். அம்மா ஒரு நிமிடம் சிரித்தார், ஒரு நிமிடம் அழுதார், பிறகு யாருடைய கண்ணும் படமுன்னம் என்னைப் பிடித்துக் கிட்ட இருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கிட்ட இருந்த அறை மேற்கு அறை.

பெரியம்மா விடிய வான் பிடித்து வந்தார். "எடியே, உனக்கு வேறை அறை கிடைக்கேல்லையோ? உங்கை தம்பியின்ரை சாமானெல்லாம் கிடக்கு!"

"அவசரத்திலை தள்ளிப்போட்டன் அக்கா."

"இனி என்ன செய்யிறது. பிள்ளைக்குத் தண்ணி வாத்து, துடக்குக் கழியும்வரைக்கும் உள்ள கிடக்கிற ஒண்டும் வெளியிலை வரப்படாது."

வெளியே அண்ணையின் குரல் உடைந்து கேட்டது. "அம்மா, அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துத் தாங்கோவன்!"

"துடக்குச் சாமானடா. தொடப்படாது."

நான் பாயில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தீட்டுக் கழிக்கிற சடங்கு முடியும்வரை ஆண்கள் யாரும் இந்த அறைக்குள் வர ஏலாது. கொம்பியூட்டர் இந்த அறையைவிட்டுப் போக ஏலாது. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். பெரியம்மாவுடைய வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது. சத்தம் போடாமல் தலையணையைக் கடித்துச் சிரித்தேன். மாமாவுக்கு உடுத்த சாரம் ஒன்றுதான் மிச்சம். பாவம், அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். அப்பா வன்னியில் உத்தியோகம். சடங்கன்று வந்து சமையல் பக்கம் நின்றார், மற்றபடி இந்தக் கதைக்குள் வரமாட்டார்.

உங்களில் பலர் அந்த நாட்களை மூலையில் குந்தி அழுதுகொண்டு கழித்திருப்பீர்கள். நான் பறந்தேன். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு கத்தரிக்காய்ப் பிரட்டல், பின்னேரம் உழுத்தங்களி. நல்லெண்ணெய்க் கை இறப்பர்ப் பொத்தானில் வழுக்கும். பாவாடையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஏறுவேன். பார்க்க வந்த பெண்களிடம் அம்மா வாசலில் நின்று பெருமையாகச் சொல்லுவார், "பிள்ளை உள்ளுக்கு இருந்து கொம்பியூட்டர் படிக்குது." அந்த நேரம் பிள்ளை தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும்.

மூடிய ஜன்னலுக்கு வெளியே அண்ணை வந்து குந்துவார். ஆளைப் பார்க்கக்கூடாது என்றுதான் சட்டம், கதைக்கக்கூடாது என்று பெரியம்மா சொல்ல மறந்துவிட்டார்.

"என்ன உயரத்திலை நிக்கிறாய்?"

"மேகத்துக்குள்ளை."

"ஆள் எங்கை?"

"குறுக்காலை போறான் அண்ணை. நான் திரும்புறன்... மூக்கை இழுக்கிறன்... ஐயோ, கீழ போயிட்டான், தெரியேல்லை!"

"சொன்னனான்தானே. சுடாதை, குண்டு வீணாப்போம்."

ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில்தான் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றோம். வலைப்பந்தில் வெற்றிடத்துக்கு எறிந்தாலும் ஓடுகிறவள் கண்ணுக்குத் தெரிவாள். இங்கே அதுவும் இல்லை.

ஒரு நாள் முற்பகல் இராணுவத்தின் உண்மையான ஹெலி வந்தது. முதலில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு அதிர்வு. பிறகு சுடுகிற சத்தம். எல்லாரும் வேம்புக்குக் கீழே வெட்டியிருந்த பங்கருக்கு ஓடினார்கள். அம்மா என்னுடைய அறை வாசலில் வந்து நின்று கையைப் பிசைந்தார். உள்ளே விட்டால் சாவு, வெளியே கொண்டுபோனால் துடக்கு. பெரியம்மா பங்கருக்குள் இருந்தே கத்தினார், "போர்த்துக் கொண்டு வாடி! எடேய், ஆம்பிளையள் சுவரைப் பாத்துத் திரும்புங்கோ!"

அம்மா படுக்கை விரிப்பை என் தலையில் போட்டு இழுத்துக்கொண்டு போனார். என்ன காட்சி அது! தலைக்கு மேலே மனிசரைச் சுட ஹெலி நிற்கிறது. மாமாவும் அண்ணையும் மண்சுவரில் மூக்கு முட்ட, தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் திரும்பி நிற்கிறார்கள். நான் விரிப்புக்குள் மூட்டையாக இருக்கிறேன். எனக்குப் பயத்துக்குள்ளேயும் சிரிப்பு வந்தது.

விரிப்புக்குள் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். அது பனங்காணிப் பக்கம் இருந்து கோயில் பக்கமாகச் சரிந்து போனது. கொஞ்ச நேரத்தில் என் விரல் தானாக நீண்டு, விரிப்புக்குள்ளேயே அது போகிற வழியைக் காட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். இப்ப கோயில். இப்ப சந்தி. இப்ப வயல்வெளி. ஒன்றையும் காணாமல் எனக்கு அது நிற்கிற இடம் தெரிந்தது, அடுத்து நிற்கப்போகிற இடமும் தெரிந்தது. கண்ணில் இருந்து மறைந்தவன் எங்கேயும் போய்விடுவதில்லை. அவன் தன்னுடைய வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் அப்போது நினைத்தேன், இந்த வயதில் அது இன்னும் கூட உறுத்துகிறது. மேலே இருக்கிறவனுக்கும் மூக்குக்குக் கீழே தெரியாதுதானே. அவனும் தான் காணாத இடத்துக்குத்தான் சுடுகிறான். அந்தக் காணாத இடத்தில் விரிப்புக்குள் நான் இருந்தேன். அன்று எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சந்நிதிக்கு நேர்த்தி வைத்தார்.

பங்கரில் இருந்து வந்ததும் கசற்றைப் போட்டேன். பெரியம்மா "இவளுக்குப் பயமே இல்லையோ" என்று திட்டினது கீச்சுச் சத்தத்துக்குள் கரைந்தது. எதிரி குறுக்கே வந்தான். இந்தமுறை அவன் மறையமுன்னமே அவனுடைய வழியை நன்றாகப் பார்த்துவைத்தேன். மூக்கை இழுத்தேன். ஆள் மணிக்கூடுகளுக்குக் கீழே போனான். போகட்டும். மனதுக்குள் அவனோடு சேர்ந்து போனேன். வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, சுட்டேன்.

பெட்டிக்குள் இருந்து "ட்ரூம்" என்று ஒரு சத்தம். ஜன்னலின் மூலையில் புகை!

"அண்ணை! விழுந்திட்டான்! காணாமல் சுட்டனான், விழுந்திட்டான்!"

"பொய்!"

"உங்களாணை!"

வெளியே குந்தியிருந்தவர் எழும்பித் துள்ளினது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை விழுந்தன என்று எனக்கே தெரியாது. நான் சொல்லச் சொல்ல அண்ணை ஜன்னலுக்கு வெளியே இருந்து கேட்பார். சில நேரம் "இப்ப சுடு" என்று அவரும் சொல்லுவார், நான் சுட்டுக்கொண்டிருப்பேன். ஒரு விமானத்தை இரண்டு பேர் ஓட்டின மாதிரி இருந்தது. ஆனால் சடங்கு நெருங்க நெருங்க நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். துடக்குக் கழிந்தால் பெட்டி கொழும்புத்துறைக்குப் போய்விடும். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். வேறு எதையும் நான் அப்படி விரும்பியதில்லை.

சடங்கன்று தண்ணீர் வார்த்து, கூறைச்சேலை மாதிரிப் பாரமான ஒன்றைச் சுற்றி, தலையில் அரைவாசி நகைக்கடையை ஏற்றினார்கள். ஐயர் மாவிலையால் வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு மேற்கு அறைக்குள் போனார். "ஐயா, மிசினிலை வேண்டாம்!" என்று நான் கத்தினதில் நாதஸ்வரக்காரரே நிறுத்திவிட்டார். மாமா பாலும் அறுகும் என் தலையில் வைத்தார். பிறகு பையில் இருந்து சங்கிலியை எடுத்தார். தாய்மாமன் முறை.

"மாமா, எனக்குச் சங்கிலி வேண்டாம். கொம்பியூட்டரைத் தாங்கோ."

அம்மா என் கையைக் கிள்ளினார். பெரியம்மா, "அது குடுத்த சொல்லு தம்பி" என்றார். மாமா இரண்டு அக்காமாரையும் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தரம் அவருக்கு ஓம் வரவில்லை.

"அப்ப இப்பிடிச் செய்வம். ஆளுக்கு ஒரு பிளேன். கூட விழுத்திறவைக்குப் பெட்டி. சம்மதமோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அறைக்குள் போன பிறகு என்னை அன்றுதான் பார்க்கிறார். "சம்மதம்" என்றார்.

மேற்கு அறையில் இருந்து வயர் இழுத்து ரீவி ஹோலுக்கு வந்தது. சபை முழுக்கப் பாயில். கசற் இறங்கும்வரை ஒருத்தரும் அசையவில்லை. அண்ணை முதலில் ஓட்டி, நேரே வந்த இரண்டு பேரை விழுத்தி, மூன்றாவது ஆளிடம் அடிபட்டு விழுந்தார். பிறகு நான். தலையலங்காரம் கண்ணுக்கு மேலே தொங்கியது, கழுத்தைத் திருப்ப ஏலாது, காப்புகள் பொத்தானில் முட்டின. ஆனாலும் ஒருவன் விழுந்தான். மற்றவனும் விழுந்தான். சபை கை தட்டியது. மூன்றாவது ஆள் நல்ல கெட்டிக்காரன். வெட்டி வெட்டிக் குறுக்கே ஓடினான். நான் திரும்பினேன், திரும்பினேன், அவனுடைய வழியைப் பிடித்தேன், மூக்கை இழுத்தேன். அவன் கீழே மறைந்தான்.

"ஐயோ, ஆளைக் காணேல்லை! பிள்ளை, சுடாதை!" சபையே கத்தியது.

பொறுத்தேன். சுட்டேன்.

கறன்ட் போனது.

ரீவியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்று, சுருங்கி, அதுவும் போனது. விசிறி நின்றது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது.

பெரியம்மாதான் முதலில் பேசினார். "இரண்டுக்கு இரண்டு. சமன். சமன் எண்டால் முதல் குடுத்த சொல்லுத்தான் நிக்கும்." நியாயம்தான். எனக்குக் கண்ணீர் வந்து மை எல்லாம் கன்னத்தில் இறங்கியது. சபை நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன். மாமா குனிந்து வயரைக் கழற்றத் தொடங்கினார்.

"மூண்டு" என்றார் அண்ணை.

"என்னடா மூண்டு?"

"அவள் மூண்டாவதையும் விழுத்திப்போட்டாள்."

"நீ கண்டனியோ?"

"ஓம்."

"எடேய், நாங்கள் இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டுதானே இருந்தனாங்கள்! பிளேன் கீழ மறைஞ்சிட்டுது. உடனை கறன்ட் போயிட்டுது. நீ என்னத்தைக் கண்டனீ?"

"அவள் சுட்ட இடத்தைக் கண்டனான் அம்மா. அதுக்கு மேலை என்ன காணக் கிடக்கு?"

பெரியம்மா மகனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மாமாவுக்குத் தலையை அசைத்தார். மாமா வயரை ஒழுங்காகச் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்து, பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். சேலைக்கு மேலால் அதன் சூடு எனக்குத் தெரிந்தது. அம்மா என்னுடைய கன்னத்தில் இருந்த மையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

அன்று கறன்ட் திரும்பி வரவில்லை. பொழுது சாயக் கொழும்புத்துறை வான் வெளிக்கிட்டது. பெரியம்மா பலகாரச் சட்டியோடு முன்னுக்கு ஏறி இருந்தார். அண்ணை கணிதப் புத்தகங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு படலைவரை போனவர், திரும்பி விறுவிறு என்று என்னிடம் வந்தார்.

"எடியே, உண்மையைச் சொல்லு" என்றார் மெதுவாக. "விழுந்திருக்கும்தானே?"

"ஓம் அண்ணை."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

"அதுதானே!" என்று தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு வானுக்கு ஓடினார்.